குரங்குப் படமும் ஆற்றில் விட்ட சட்டையும்

நாற்றம் சமையலறைப் பரணிலிருந்துதான் வருகிறது என்பதை இன்று காலை பார்வதி கண்டுபிடித்துவிட்டாள். எலி செத்துக் கிடக்கிறது என்று இத்தனை நாளாக நானும் சாதித்துப் பார்த்தேன். அவள் ஸ்டூல் போட்டு ஏறி, பழைய இட்லிக் கொப்பரைக்குப் பின்னால் கையை விட்டு, நான் வேலை பார்க்கிற ஜவுளிக்கடைப் பை ஒன்றை இழுத்தாள். முடிச்சை அவிழ்த்ததும் வந்த வாடையை எழுதிக் காட்ட எனக்குப் படிப்புப் போதாது. காற்றில்லாமல் அவிந்துபோன ஈரத்துணி, அதோடு பாசி, எண்ணெய்ச் சிக்கு, அழுகின செவ்வந்திப்பூ. பல் தேய்த்துக்கொண்டிருந்த நான் வாயில் இருந்த பேஸ்ட்டை அப்படியே விழுங்கிவிட்டேன்.

"இது யாரு சட்டை?" என்றாள்.

உன் சட்டைதான்லே, செத்துப்போன என் கூட்டாளியின் சட்டை என்று அவளிடம் சொன்னேன். உன் பதினாறாம் நாள் விசேஷத்தன்று உன் மகன் ஆற்றில் விட்டது, அவர்கள் போனபிறகு நான் இறங்கி எடுத்து வந்தது என்று அதையும் சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும் என்று நினைத்தேன். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் எனக்கு இன்னும் அந்த அளவுக்குத்தான் விவரம்.

"செத்தவிய துணிய ஆத்துல விட்ட பொறவு வீட்டுக்குள்ள கொண்டாந்து, அதுவும் அடுப்புக்கு மேல வச்சிருக்கீய. பொம்பளப் புள்ள இருக்க வீடு இது. அதுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா ஒங்க கூட்டாளியா வந்து பாப்பாரு? நான் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வாரேன். வரும்போது இந்தப் பை இங்கன இருக்கக் கூடாது. ஆத்துல கொண்டு போட்டுட்டு, அங்கனயே தலை முழுகிட்டு வாங்க."

போய்விட்டாள். நான் புறவாசலில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பையோடும் இந்த நோட்டோடும் உட்கார்ந்திருக்கிறேன். அவள் கோபத்தில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. மகளை நினைத்துப் பயப்படுகிறாள். நீ இருந்தால் உன்னிடமே கேட்டிருப்பேன், என்னலே செய்ய என்று. பழக்க தோஷம், இப்போதும் உன்னிடம்தான் கேட்கிறேன்.

தச்சநல்லூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாடத்தில் தோற்ற நாம் இரண்டு பேரும் அப்புறம் இரண்டு விதமாக மாப்பிள்ளைகளோடு மல்லுக்கட்டினோம். நான் அவர்களுக்குப் பட்டு வேட்டி விற்றேன், நீ அவர்களை வீடியோ எடுத்தாய். வலது தோளில் கேமராவைத் தூக்கித் தூக்கி உன் சட்டைகள் எல்லாம் அந்தத் தோளில் மட்டும் நைந்திருக்கும். "நான் எடுக்கதை எல்லாம் ஒரே ஒரு தடவைதாம்லே பாக்குதாவ. அதுவும் பந்தில அவிய மூஞ்சி வருதான்னு பாக்கதுக்கு" என்று சொல்வாய். ஒரு படமாவது ஜனங்கள் தங்கள் மூஞ்சியைத் தேடாமல் பார்க்க வேண்டும் என்பதுதான் உனக்கு ஆசை. அதற்கு வழி காட்டியது என் மகள் பேச்சி.

அப்போது அவள் ரொம்பச் சின்னப் பிள்ளை. உன் ஸ்டூடியோ ஸ்டூலில் உட்கார்ந்து தொப்பி வியாபாரி கதையைச் சொன்னாள். வியாபாரி மரத்தடியில் தூங்குகிறான், குரங்குகள் தொப்பிகளை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிடுகின்றன, அவன் ஆத்திரத்தில் தன் தொப்பியைக் கழற்றி எறிய, அதைப் பார்த்து அவையும் எறிகின்றன. எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற கதைதான். கடைசியில் அவள் ஒன்று கேட்டாள். "நிசக் குரங்கு எறியுமா பெரியப்பா?"

உன் கண் போன போக்கைப் பார்த்ததுமே நான் தப்பித்து ஓடியிருக்க வேண்டும். "எறியுதான்னு பாத்துருவோம் தாயி" என்றாய். அடுத்த நிமிடம் என் பக்கம் திரும்பினாய்.

"நீதாம்லே வியாபாரி."

"எனக்கு நடிப்பு வராதுலே."

"யாரு ஒன்னைய நடிக்கச் சொன்னா? பாதிப் படம் மரத்தடில தூங்கணும். அதுக்கு ஒன்னைய விட்டா ஜில்லாவுல ஆள் கிடையாது."

பழக்கின குரங்கு வைத்திருக்கிற ஆள் ஒருவனை யாரோ அனுப்பிவைத்தார்கள். கழுத்தில் கயிறு கட்டின குரங்கு, சொன்னால் தொப்பியைப் போடும், சொன்னால் எறியும். அவன் கையிலிருந்த குச்சியையும், குச்சி அசையும்போதெல்லாம் குரங்கு கண்ணை மூடிக்கொண்டதையும் நீ பார்த்தாய். டீ வாங்கிக் கொடுத்து அவனை அனுப்பிவிட்டு, "இது நடிப்பு இல்லலே, பயம். இதை எடுத்துப் புள்ளையளுக்குக் காட்டிச் சிரிங்கன்னு சொல்லவா?" என்றாய். அதனால்தான் பாபநாசம் போனோம். அங்கே குரங்குகளுக்குக் கயிறும் இல்லை, மனுஷனைக் கண்டு கூச்சமும் இல்லை.

ரவிக்கைத் துண்டில் தைத்த சிவப்புத் தொப்பிகளை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனோம். நான் மருத மரத்தடியில் மல்லாந்து படுத்தேன். குரங்குகள் வந்தன. ஒன்று தொப்பியை முகர்ந்து பார்த்துவிட்டு, உளுத்த பருப்பைத் தள்ளுகிற மாதிரி தள்ளியது. இன்னொன்று என் வயிற்றில் ஏறி உட்கார்ந்தது. நீ கேமராவுக்குப் பின்னாலிருந்து "அசையாதலே, அசையாதலே, அம்புட்டு அழகா இருக்கு" என்றாய். நான் அசையவில்லை. அது என் வயிற்றிலேயே ஒன்றுக்குப் போனது. வெதுவெதுவென்று விலாவில் வழிந்தது. அப்போதும் நீ "சிரிக்காதலே, நீ தூங்குத" என்றாய். கலைக்காக நான் செய்த தியாகம் என்று ஏதாவது இருந்தால் அது ஒன்றுதான்.

தொப்பியை எந்தக் குரங்கும் சீந்தவில்லை. ஆனால் அவை எல்லாம் அவ்வப்போது படித்துறைக்கு ஓடி ஓடிப் போய்வருவதை நீ கவனித்தாய். அங்கே என்ன என்று பார்க்கப் போனோம்.

அங்கே நடப்பது நமக்குத் தெரியாதது இல்லை. பாவம் போக முழுகுகிறவர்கள், தோஷம் கழிக்கிறவர்கள், செத்தவர்களுக்குக் காரியம் செய்கிறவர்கள் எல்லாரும் உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டு, புதுசு கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போவார்கள். கடைக்கு வந்து, "ஆத்துல விடுக வேட்டிதான அண்ணாச்சி, இருக்கதுலயே மட்டமாக் குடுங்க" என்று கேட்பவர்களுக்கு எடுத்துக்கொடுப்பது நான்தான். ஆனால் விட்ட துணி எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. எங்கேயும் போகவில்லை. பாறை இடுக்கெல்லாம் துணி. கரையில் அள்ளிப்போட்டது ஒரு குவியல், அதன்மேல் ஈ. தண்ணீருக்குள் சேலையும் வேட்டியும் உள்பாவாடையும் ஒன்றோடொன்று பின்னி, பாசி பிடித்து, கறுத்து, மாட்டுக் குடல் மாதிரி அசைந்துகொண்டிருந்தன. அதற்கு நடுவில் நின்று ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு வாய் கொப்பளித்தார். அதற்குப் பக்கத்திலேயே ஒரு அம்மா குடத்தில் தீர்த்தம் பிடித்தாள்.

சிலர் துணியோடு பழமும் சோறும் முடிச்சுப் போட்டு ஆற்றில் விடுவார்களாம். குரங்குகள் அதற்குத்தான் வருகின்றன. அழுகல் குவியலில் கையை விட்டு, முடிச்சை இழுத்து, பல்லால் அவிழ்த்துத் தின்கின்றன. நீ மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்ப நம்ம மூட்டையிலயும் பழத்த வைலே" என்றாய். வைத்தோம். நான் கண்ணை மூடியதும் வந்தன, அவிழ்த்தன, பழத்தைத் தின்றன, தொப்பியை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போயின. கதையில் பாதி வந்துவிட்டது.

மீதிப் பாதிக்கு எறிய வேண்டும். நான் எழுந்து நின்று என் தொப்பியைக் கழற்றி எறிந்தேன். எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் எறிந்தேன். தரையில் குதித்தேன், தலையில் அடித்துக்கொண்டேன். குரங்குகள் கிளையில் உட்கார்ந்து, வேலை வெட்டி இல்லாதவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தன. குளித்துவிட்டுப் போன ஒரு பெரியவர் உன் தோளைத் தொட்டு, "எத்தன நாளா இப்பிடி இருக்காரு? மொட்டை போட்டா சரியாயிரும்வே" என்றார். நீ கேமராவை ஆட விடாமல் சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது உனக்கு.

அப்புறம்தான் அது நடந்தது. ஒரு குடும்பம் முழுகி எழுந்தது. தகப்பன்காரர் அவிழ்த்த வேட்டியைத் தண்ணீரில் விட்டார். அது போகவில்லை, முன்னால் கிடந்த துணியில் சிக்கி நின்றது. காலால் தள்ளிவிட்டார். நம் சிவப்புத் தொப்பியை வைத்திருந்த ஒரு குரங்கு கடைசிப் படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் போனதும் தண்ணீர் ஓரத்துக்கு இறங்கியது. தொப்பியைத் தண்ணீரில் வைத்தது. கையால் தள்ளிவிட்டது.

"கிடைச்சிட்டுலே!" என்று கத்தினாய். அடுத்த நொடி கேமராவிலிருந்து முகத்தை எடுத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தாய். தொப்பி அந்த வேட்டியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. "கதை சரியாத்தாம்லே இருக்கு. மனுசன் எறிஞ்சா அதுவும் எறியுது" என்றாய். உன் குரலில் முதலில் இருந்த சந்தோஷம் இல்லை.

அந்த நேரத்தில்தான் கீச்சென்று சத்தம். பழ முடிச்சுக்காகச் சேலை ஒன்றை இழுத்த தாய்க்குரங்கு, துணி இடுப்பிலும் காலிலும் சுற்றிக்கொள்ள, பாறையிலிருந்து தண்ணீரில் விழுந்திருந்தது. சேலையின் மறுமுனை அடியில் எங்கேயோ மாட்டியிருந்தது. வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி. துள்ளத் துள்ள இறுகியது. படியில் நின்றவர்கள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். "ஏ, குரங்கு சேல கட்டிருக்கு பாருங்கலே! டான்ஸ் ஆடுதுலே!" ஒரு ஆளாவது இறங்க வேண்டுமே. நீ பழம் நறுக்கக் கொண்டுவந்த கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினாய். உன் பின்னால் நானும் இறங்கினேன், தைரியத்தால் இல்லை, நீ கையைப் பிடித்து இழுத்ததால்.

அந்தத் தண்ணீருக்கு அடியில் மணல் இல்லை. துணிதான். கால் வைத்தால் பொதக்கென்று உள்ளே போகிறது, அதற்குக் கீழே இன்னொரு துணி, அதற்கும் கீழே இன்னொன்று. விரல் இடுக்கெல்லாம் வழவழவென்று ஏதோ ஏறுகிறது. ஒவ்வொரு அடிக்கும் குமிழி வந்து உடைந்து, முட்டை அழுகின வாடை முகத்தில் அடிக்கிறது. யாரோ உடுத்தியது, யாரோ செத்தபோது போர்த்தியது, அதில் பாதி நானே மடித்து, பையில் போட்டு, "மறுபடி வாங்க" என்று சொல்லிக் கொடுத்தது. படியிலிருந்து ஒரு ஆள் எச்சரித்தார். "அடுத்தவன் பாவத்த மிதிக்கியளே வே, ஒங்கள ஒட்டிக்கிடும்." நீ திரும்பாமலே, "விட்டுட்டுப் போனவனுக்கு இல்லாத பயம் எனக்கு எதுக்குவே?" என்றாய்.

சேலையை அறுத்தாய். நன்றிக்கு அது உன் மணிக்கட்டில் கடித்துவிட்டு, குட்டியோடு மரத்தில் ஏறிவிட்டது. குட்டி கத்துகிற சத்தம் கேட்டபிறகுதான் நீ கரைக்கு வந்தாய். குழாயடியில் உட்கார்ந்து கடித்த இடத்தைக் கழுவினாய், காலைக் கழுவினாய், திரும்பவும் காலையே கழுவினாய், ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாய். ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு வார்த்தை சொன்னாய்.

"எலே, நான் செத்தா என் துணிய அங்கன விட விடாத."

"ஒன் துணிய ஆறே வாங்காதுலே, நைஞ்சு கெடக்கு."

"வெளையாடாத. நான் ஒன்கிட்டதான் சொல்லுதேன்."

நீ படத்தை முடித்தாய். நாலைந்து நிமிடப் படம். ஆனால் அதற்குள் போனில் எடுத்தவர்களின் படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. குத்துப்பாட்டு ஒன்றைச் சேர்த்து, துடிக்கிற குரங்கு ஆடுகிற மாதிரி. பின்னால் தொப்பையோடு தத்தளிக்கிறவன் நான். கடையில் எல்லாரும் எனக்கே போட்டுக் காட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். சிறுவர் படப் போட்டி நடத்துகிறேன் என்று வந்த ஒருவர் உன் படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதாம்வே, அந்தச் சேல கட்டுன குரங்கச் சேத்துவிடும், பிச்சிக்கிட்டுப் போகும்" என்றார். உன் கேமராவிலும் அது ஓரத்தில் பதிவாகியிருந்தது. நீ சொன்னாய்: "அது சேல கட்டலைவே. சேலதான் அதக் கட்டியிருந்துச்சு." படத்தை அனுப்பவே இல்லை.

பேச்சியின் பள்ளிக்கூடத்தில் மட்டும் போட்டோம். என் வயிற்றில் குரங்கு உட்கார்ந்தபோது பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். கடைசியில் தொப்பி தண்ணீரில் போய் நின்றபோது சத்தம் அடங்கியது. முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை, "அந்தத் தொப்பிய யாரு போயி எடுப்பா?" என்று கேட்டது. டீச்சர் விளக்கைப் போடச் சொல்லிவிட்டார்கள். நீ என்னைப் பார்த்தாய். ஒருத்தரும் தங்கள் மூஞ்சியைத் தேடாமல் பார்த்த உன் ஒரே படம் அதுதான்.

அப்புறம் ஒரு நாள், கல்யாண மண்டபம் ஒன்றில், தாலி கட்டுவதை எடுத்து முடித்து, கேமராவைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு நீ உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாளுக்கு முன்னால் உன் மகனிடம் நீ சொன்னதைச் சொன்னேன். நல்ல பிள்ளை, என்னை எதிர்த்துப் பேசவில்லை. "சித்தப்பா, அப்பா ஒங்கட்ட மட்டும்தான சொல்லிருக்காவ. விடலேன்னா அப்பா கரையேற மாட்டாவன்னு அம்மா அழுதாவ. நான் யாரு பேச்சக் கேக்க?" என்றான். மதினி அழுகிறபோது நான் என்ன வக்கீலா, வாதாட? அந்தப் படித்துறைக்கே போனோம். உன் நீலக் கட்டச் சட்டையையும் ஒரு வேட்டியையும் அவன் தண்ணீரில் விட்டான். வேட்டி பிரிந்தது. சட்டை காற்றுப் பிடித்து, முதுகு தெரிய, கொஞ்ச தூரம் நீந்திப்போய் அந்தக் குடல் குவியலில் முட்டி நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார் ஐயர். எல்லாரும் வேன் ஏறினார்கள். வயிற்றைக் கலக்குகிறது, பஸ்ஸில் வருகிறேன் என்று நான் நின்றுகொண்டேன்.

இறங்கினேன். அதே பொதக். அதற்குள் இன்னும் நாலு குடும்பத்துத் துணி உன்மேல் விழுந்து அமுங்கியிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணை மூடி, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். வலது தோள் நைந்த சட்டை கையில் அகப்பட்டபோது எனக்குச் சத்தம் வந்துவிட்டது. படியிலிருந்த ஒருவர், "என்ன அண்ணாச்சி, மோதிரம் விழுந்துட்டா?" என்றார். ஆமாம் என்றேன். "கிடைச்சிட்டா?" ஆமாம் என்றேன். வேட்டியையும் உருவிக்கொண்டு வந்தேன். இத்தனை வருடம் வேட்டி விற்றவன், தொட்டாலே ரகம் சொல்வேன் என்று பீற்றுகிறவன். கரையில் வந்து பிரித்துப் பார்த்தால் சிவப்புக்கரை. உன்னுடையது பச்சைக்கரை. யாரோ ஒருவர் வேட்டி. திரும்பப் போடவும் மனமில்லை, திரும்ப இறங்கவும் தெம்பில்லை. இரண்டையும் பையில் திணித்து, வீட்டில் சொல்ல வாய் வராமல் பரணில் வைத்தேன். இவ்வளவுதான் நடந்தது.

இதுவரைக்கும் எழுதியபோது பார்வதி வந்துவிட்டாள். பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "போகலியா?" என்றாள்.

"போக மாட்டேன்" என்றேன். அவளிடம் நான் அப்படிச் சொல்வது எனக்கே புதுசு. நீ சொன்னதை, தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை, அந்தக் குட்டி கத்தினதை எல்லாம் சொன்னேன். "அந்தத் தண்ணில போட்டா புள்ளைக்கு நல்லது, வெளுத்து மடிச்சு வச்சா கெட்டதுன்னா, எனக்குப் புரியல பார்வதி. நம்ம வீட்டுக் குழாயிலயும் அந்த ஆத்துத் தண்ணிதான வருது. பேச்சி அதத்தான குடிக்கா?"

அவள் குழாயைப் பார்த்தாள். உள்ளே போய், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரும் சலவைச் சோடாவும் கொண்டுவந்து வாளியில் ஊற்றினாள். ஒரு குச்சியால் சட்டையைத் தூக்கிப் போட்டாள். அடுத்தது வேட்டி.

"இது அண்ணனோடது இல்லியே. யாரோடது?"

"தெரியல."

"நல்லா இருக்கு. கூட்டாளி சட்டை, சரி. முன்னப்பின்ன தெரியாதவன் வேட்டிக்கும் நான் சோடா போடணுமா?" என்றாள். போட்டாள். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, இரண்டையும் ஒன்றாகவே அலசினாள்.

வாடை இன்னும் முழுசாகப் போகவில்லை. என் உள்ளங்காலில் இருக்கிற அந்த வழவழப்பும் போகவில்லை. செருப்புக்குள், போர்வைக்குள், கடையில் நின்றுகொண்டு வேட்டி விரிக்கும்போது, திடீரென்று கால் பொதக்கென்று உள்ளே போகிறது. ஆற்றுக்கு விட வேட்டி கேட்டு வருகிறவரிடம் இப்போதெல்லாம் என்னால் சிரித்துப் பேச முடியவில்லை. முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. அருவருப்பு என்பதை ஒரு மனிதன் இன்னொருவனுக்கு இப்படி விட்டுவிட்டுப் போக முடியும் என்று எனக்குத் தெரியாது. நீ விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

சட்டை கொடியில் ஏறியதும், சமயம் பார்த்து, "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என் துணியையும் அங்கன விட்டுராதீய" என்றேன். "வாயக் கழுவுங்க" என்று வாளியைக் கவிழ்த்தாள் பார்வதி. போகிற போக்கில், "சொந்தக்காரவிய விடாம இருப்பாவளா? நான் ஒருத்தி அழுது தடுக்க முடியுமா?" என்றாள்.

அவள் சொல்வது சரிதான். அவர்கள் விடுவார்கள், திரும்பிப் பார்க்காமல் வேன் ஏறுவார்கள். உனக்காவது வயிற்றைக் கலக்குகிறது என்று பொய் சொல்லிப் பின்தங்க ஒருவன் இருந்தான். எனக்கு அப்படி இருந்தவன் நீ ஒருவன்தான்லே.